தலீப் சிங் சௌந்த்: ஓர் இந்தியர் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்த வரலாறு



சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை, வகைக்கெழுச் சமன்பாட்டு வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் வந்த நண்பர் அமிர்தசரசு மாவட்டத்துக்காரர். அன்று நாங்கள் படித்தது மத்தியூ சமன்பாடு. அதன் கடுமையைப் பற்றி நான் அலுத்துக்கொண்டபோது, நண்பர் சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். அவருடைய ஊர்ப் பக்கத்தில் பிறந்த ஒருவர் இதே துறையில் ஆராய்ச்சி செய்து அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றாராம்; பட்டம் பெற்ற பின் கீரை பயிரிட்டாராம்; அதன் பின் அந்நாட்டுக் காங்கிரசில் உறுப்பினராக அமர்ந்தாராம்.

நண்பர் கேலி செய்கிறார் என்றே எண்ணினேன். கணக்கில் டாக்டர் பட்டம் பெற்றவர் கீரை ஏன் பயிரிட வேண்டும்? கீரை பயிரிட்டவர் காங்கிரசுக்கு எப்படிப் போனார்? இரண்டு கேள்விகளும் மனத்தை விட்டு அகலவில்லை. மறுநாளே நூலகத்திற்குச் சென்று தேடினேன். நண்பர் சொன்னது முழுதும் உண்மை. அம்மனிதரின் பெயர் தலீப் சிங் சௌந்த். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. முதல் ஆசியரும் அவரே. முதல் சீக்கியரும் அவரே. நான் படித்து அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இறுதியில் என்னைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு உங்கள் பொறுமையை வேண்டுகிறேன்.

அமெரிக்கக் காங்கிரசு என்பது யாது?

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. நம் நாட்டில் காங்கிரசு என்றால் ஒரு கட்சியைக் குறிக்கும். அமெரிக்காவில் அது பாராளுமன்றத்தின் பெயர். அதில் இரண்டு சபைகள் உள்ளன. ஒன்று செனட் சபை. பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் மாநிலத்துக்கு இருவர் வீதம் அங்கே அமர்கின்றனர். பதவிக் காலம் 6 ஆண்டுகள். மற்றொன்று பிரதிநிதிகள் சபை. இது மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு 435 உறுப்பினர்களைக் கொண்டது. இவர்களின் பதவிக் காலம் 2 ஆண்டுகளே. நம் மக்களவை உறுப்பினர் 5 ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் முன் நின்றால் போதும். அமெரிக்கப் பிரதிநிதியோ, வெற்றி மாலை வாடுவதற்குள் அடுத்த தேர்தலுக்கு ஆயத்தம் செய்ய வேண்டியவர்.

பிரதிநிதிகள் சபையில் அமர மூன்று தகுதிகள் வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பு கூறுகிறது. வயது 25 நிரம்பியிருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். 7 ஆண்டுகளாவது அமெரிக்கக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இந்த 7 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சிறு கணக்குப் போட அது தேவைப்படும்.

பிறப்பும் இளமையும்

சௌந்த் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் பஞ்சாபில், அமிர்தசரசை அடுத்த சஜ்ஜல்வாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் எழுத்தறிவு இல்லாதவர்கள். ஆனால் கல்வியின் அருமையை அறிந்தவர்கள். மகனை ஊரிலும், பின் வெளியூர்களிலும் படிக்க வைத்தனர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தைப் பாடமாகக் கொண்டு 1919இல் அவர் பட்டம் பெற்றார். அமிர்தசரசின் ஜாலியன்வாலாபாக் திடலில் குருதி ஓடிய ஆண்டும் அதுவே. காந்தியடிகளின் எழுத்துகள் ஒரு பக்கம், ஆபிரகாம் லிங்கன், உட்ரோ வில்சன் ஆகியோரின் சொற்பொழிவுகள் மறுபக்கம் என அவர் உள்ளம் பண்பட்டது. லிங்கனின் நாட்டைக் காண வேண்டும் என்ற ஆவல் அவ்வாறு பிறந்ததுதான்.

கடல் கடந்த கல்வி

1920இல் சௌந்த் கப்பலேறினார். பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஓரிரு ஆண்டுகளில் திரும்பி வந்து, நம் நாட்டு மாம்பழங்களைக் கொண்டு ஒரு தொழில் தொடங்குவதாக வீட்டாரிடம் சொல்லிப் புறப்பட்டார். வெளியூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் வீட்டாரிடம் சொல்லும் திட்டங்கள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன என்பது நம் விடுதியில் உள்ள அனைவரும் அறிந்ததே.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். இந்திய மாணவர்களுக்கென்று ஸ்டாக்டன் நகரச் சீக்கியக் கோவிலார் அங்கே ஒரு வீட்டை நடத்தி வந்தனர், அதிலே தங்கினார். கோடை விடுமுறைகளில் பழம் பதனிடும் ஆலைகளில் கூலிக்கு உழைத்தார். உணவுப் பதனத்தில் தொடங்கிய படிப்பு விரைவில் கணிதத்துக்கே திரும்பியது. 1922இல் எம்.ஏ., 1924இல் பி.எச்டி.

அவருடைய ஆராய்ச்சிப் பொருள் நீள்வட்ட உருளையோடு தொடர்புடைய சார்புகள். கணிதம் பயிலாத தோழர்களுக்காக இதனை எளிமையாகச் சொல்கிறேன். வட்டமான ஒரு பறையைத் தட்டினால் தோல் எவ்வாறு அதிரும் என்பதைக் கணக்கிட ஒருவகைச் சார்புகள் உள்ளன. பறையின் வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் அச்சார்புகள் பயன்படா. அதற்கான சமன்பாட்டைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் மத்தியூ 1868இல் கண்டறிந்தார். அதற்கு விடையாக அமையும் சார்புகளையே நீள்வட்ட உருளைச் சார்புகள் என்கிறோம். ஒளி, வெப்பம், மின்னலை ஆகிய பல துறைகளில் இவை பயன்படுகின்றன. இத்தகைய நுண்ணிய துறையில் 25 வயதுக்குள் டாக்டர் பட்டம் பெற்ற ஒருவருக்கு ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? கிடைக்கவில்லை. காரணத்தை அறிய நாம் நீதிமன்றத்திற்குள் நுழைய வேண்டும்.

வெள்ளையர் என்பவர் யார்?

அமெரிக்காவில் 1790இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வருவோருள் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடிமகன் ஆகலாம் என்று விதித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1870இல், ஆப்பிரிக்க மரபினரும் அதில் சேர்க்கப்பட்டனர். ஆசியர் எந்தப் பக்கமும் சேராமல் நின்றனர்.

1922 நவம்பரில் ஒசாவா என்ற சப்பானியரின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. வெள்ளையர் என்றால் தோலின் நிறத்தை மட்டும் குறிப்பதன்று, காக்கேசிய இனத்தவர் என்று பொருள் எனக் கூறி, நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. மூன்றே மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கு வந்தது. அவர் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அக்காலத்து இனநூல் அறிஞர்கள் வட இந்தியரைக் காக்கேசிய இனத்தில் சேர்த்திருந்தனர். ஆகவே, நீதிமன்றம் முன்பு சொன்ன இலக்கணத்தின்படியே தமக்குக் குடியுரிமை உண்டு என்று அவர் வாதாடினார். நீதிமன்றமோ இப்போது வேறு பாட்டுப் பாடியது. அறிஞர்களின் பாகுபாடு நமக்கு வேண்டாம், சாதாரண மனிதன் வெள்ளையர் என்ற சொல்லால் யாரைக் கருதுகிறானோ அவரே வெள்ளையர் என்று தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லாந்து. அவரும் இங்கிலாந்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவில் குடியேறியவர் என்பது கருதத்தக்கது.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இந்தத் தீர்ப்புகளைப் படித்தபோது பெருந்திகைப்பு ஏற்பட்டது. விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வழியைப் பின்னால் தேடும் மாணவனை நம் ஆசிரியர்கள் மன்னிப்பதில்லை. அந்தக் காக்கேசிய இனம் என்ற பாகுபாட்டிற்கும் இன்றைய அறிவியலில் இடமில்லை. திந்த் நின்ற தரையும் உறுதியானதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாம் வெள்ளையரே என்று காட்டி உரிமை கேட்பதைவிட, மனிதர் எவராயினும் உரிமை உண்டு என்று கேட்பதே சரியான வாதமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாதத்தைக் கேட்கும் சட்டம் அன்று இல்லை.

அத்தீர்ப்பால் விளைந்த துயரம் பெரிது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதனைப் பறிக்க அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. சான்பிரான்சிஸ்கோவில் கடை வைத்து வாழ்ந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்பவர், அவ்வாறு குடியுரிமையை இழந்து, மனமுடைந்து, 1928இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1924இல் டாக்டர் பட்டத்துடன் வெளியே வந்த சௌந்துக்கு முன்னே இருந்த உலகம் இதுதான்.

பாலைவனத்தில் பயிர்த்தொழில்

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, இம்பீரியல் பள்ளத்தாக்கு என்றொரு நிலப்பகுதி உண்டு. அதன் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கும் தாழ்ந்தது. மழை மிகக் குறைவு. கோடை வெயில் நம் கத்திரி வெயிலையும் தோற்கடிக்கும். கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்ததால் அது விளைநிலம் ஆயிற்று. பஞ்சாபி உழவர் பலர் அங்கே பாடுபட்டுக்கொண்டிருந்தனர். சௌந்தும் அங்கே சென்றார். முதலில் பருத்தி பறிக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரி. பிறகு, லெட்டூஸ் என்னும் கீரையைத் தாமே பயிரிடும் உழவர்.

பயிரிடுவதிலும் சட்டம் குறுக்கே நின்றது. குடிமகன் ஆகத் தகுதியற்ற வெளிநாட்டார் நிலத்தைச் சொந்தமாக வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1913இல் சட்டம் செய்திருந்தது. 1920இல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என அதனை இறுக்கியது. ஆகவே இந்திய உழவர் பலர், நம்பிக்கைக்குரிய அமெரிக்கரின் பெயரிலே நிலத்தை வைத்துக்கொண்டு உழைக்க வேண்டியதாயிற்று. நிலம் ஒருவர் பெயரில், வியர்வை மற்றொருவருடையது.

விலை வீழ்ச்சியால் சௌந்துக்குப் பெருங்கடன் ஏற்பட்டது. கடனைத் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் மஞ்சள் கடிதாசு கொடுத்து விடுபடும்படி பலர் யோசனை கூறினர். அவர் இணங்கவில்லை. ஆண்டுகள் பல ஆயினும் கடனை உழைத்தே அடைத்தார்.

1928இல், செக் நாட்டிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் மகளான மரியன் கோசா என்பவரை மணந்தார். குடியுரிமைக்குத் தகுதியற்ற வெளிநாட்டாரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள் என்பது அன்றைய சட்டம். 1931இல்தான் அந்த விதி நீங்கியது. அந்நாட்டிலே பிறந்த பெண் ஒரு மணத்தினால் அந்நாட்டுக்கு அயலவள் ஆகும் விந்தையை என்னென்பது! இவர்களுக்கு ஒரு மகனும் இரு மகளிரும் பிறந்தனர்.

பயிர்த்தொழிலுக்கு நடுவிலும் சௌந்தின் எழுதுகோல் ஓயவில்லை. காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1927இல் இந்தியரை இழித்துரைத்து ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு விடையாகச் சௌந்த் 'என் தாய் இந்தியா' என்னும் ஆங்கில நூலை 1930இல் எழுதினார். ஸ்டாக்டன் சீக்கியக் கோவிலாரே அதனை வெளியிட்டனர். ஊர்தோறும் அழைத்த இடங்களில் இந்திய விடுதலையைப் பற்றிப் பேசினார். ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் ஏழைகளுக்குக் கிடைத்த உதவிகளைக் கண்டு ஜனநாயகக் கட்சியின்பால் ஈடுபாடு கொண்டார். கட்சிக் கூட்டங்களுக்குப் போவார், விவாதிப்பார், வாக்களிக்கும் நாளில் மட்டும் வீட்டில் இருப்பார். வாக்குதான் இல்லையே!

சட்டம் மாறிய விதம்

1942இல் கலிபோர்னியாவில் வாழ்ந்த இந்தியர் அமெரிக்க இந்தியச் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினர். சௌந்த் அதன் தலைவர் ஆனார். பண்ணை பண்ணையாகச் சென்று நிதி திரட்டினார். நியூயார்க்கில் ஜே.ஜே. சிங் போன்றோர் காங்கிரசு உறுப்பினர்களைக் கண்டு பேசி ஆதரவு தேடினர். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூசு அம்மையாரும், ஜனநாயகக் கட்சியின் இம்மானுவேல் செல்லரும் சட்ட முன்வரைவை ஆதரித்து நின்றனர். 1946 ஜூலை 2ஆம் நாள் ஜனாதிபதி ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். இந்தியர் குடிமகன் ஆகலாம். ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம்.

இவ்வெற்றியை நாம் மிகைப்படுத்தக் கூடாது. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டுக்கு 100 இடம் என்பது பிச்சைக்காரனுக்கு இடும் கைப்பிடி அரிசி. போரின் நெருக்கடியும் அமெரிக்காவை இறங்கிவரச் செய்தது. ஆசிய மக்களை இழிவாக நடத்தும் நாடு என்று சப்பான் செய்த பிரசாரத்தை அமெரிக்கா முறியடிக்க வேண்டியிருந்தது. 1943இல் சீனருக்குக் கதவு திறந்ததும் அதனால்தான். எனினும், காலம் கனிந்தபோது பறிப்பதற்கு ஆட்கள் ஆயத்தமாக இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. வாக்கு இல்லாதவர்கள், வாக்கு உள்ளவர்களின் மனத்தை மாற்றிச் சட்டத்தை மாற்றினார்கள். இதுவே இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

1949 டிசம்பர் 16ஆம் நாள் சௌந்த் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அந்நாட்டு மண்ணில் கால் வைத்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 50.

நீதிபதி சௌந்த்

அடுத்த ஆண்டே வெஸ்ட்மோர்லாந்து என்னும் சிற்றூரின் நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். அந்நாட்டில் இத்தகைய நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுப்பது வழக்கம். ஆனால் தேர்தலின்போது அவர் குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று காரணம் காட்டிப் பதவியை மறுத்துவிட்டனர். சில வாரங்கள் குறைந்தன! வேறொருவராயின் வெறுத்து ஒதுங்கியிருப்பார். சௌந்த் 1952இல் மீண்டும் நின்றார்.

அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சி. கூட்டத்தில் ஒருவர், நீங்கள் நீதிபதியானால் உங்கள் நீதிமன்றத்திற்கு வருவோருக்குத் தலைப்பாகையை நீங்களே கொடுப்பீர்களா, நாங்கள் விலைக்கு வாங்க வேண்டுமா என்று ஏளனமாகக் கேட்டார். சௌந்த் சினம் கொள்ளவில்லை. ஒருவன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது தமக்கு வேண்டாம், தலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே தமக்கு வேண்டும் என்ற கருத்துப்படச் சிரித்த முகத்துடன் விடை சொன்னார். கேட்டவரும் சிரித்தார். சௌந்தே வென்றார். இம்முறை பதவியும் கிடைத்தது.

1956: காங்கிரசுத் தேர்தல்

1956இல் ரிவர்சைடு, இம்பீரியல் ஆகிய இரு மாவட்டங்கள் அடங்கிய 29ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நிற்க முன்வந்தார். சொந்தக் கட்சியில் போட்டியிட்டவரே, சௌந்த் 7 ஆண்டு குடிமகனாக இருந்தவர் அல்லர் என்று வழக்குப் போட்டார். இப்போது நாம் முன்பு குறித்து வைத்த கணக்கைப் போடலாம். குடியுரிமை கிடைத்தது 1949 டிசம்பர் 16. ஏழாண்டு நிறைவது 1956 டிசம்பர் 16. புதிய காங்கிரசு கூடுவது 1957 ஜனவரி 3. இடைவெளி 18 நாள். பதவியில் அமரும் நாளில் தகுதி இருந்தால் போதும் என்பதால் வழக்கு நிற்கவில்லை. ஓராண்டுக் கணக்கில் சில வாரத்தால் தோற்றவர், ஏழாண்டுக் கணக்கில் 18 நாளால் வென்றார்!

எதிரே நின்றவர் எளியவர் அல்லர். குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜாக்குலின் காக்ரன், உலகப் புகழ் பெற்ற விமானி, 1953இல் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் பெண்மணி, கணவர் பெருஞ்செல்வர். அம்மையார் தம் விமானத்தைத் தாமே ஓட்டித் தொகுதியைச் சுற்றினார். சௌந்தின் குடும்பத்தாரும் நண்பர்களும் வீடு வீடாக நடந்து, பதிவு செய்யாதவர்களை வாக்காளராகப் பதிவு செய்யச் செய்தனர். அந்த ஆண்டு நாடெங்கும் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்கே ஜனாதிபதித் தேர்தலில் பெருவெற்றி. அந்த அலையையும் எதிர்த்துச் சௌந்த் சுமார் 3 சதவிகித வேறுபாட்டில் வெற்றி பெற்றார்.

காங்கிரசில் ஆற்றிய பணி

புதிய உறுப்பினராயினும் வெளிநாட்டு விவகாரக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார். வாக்கின்றி வாழ்ந்தவருக்கு அதன் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவ்வாண்டின் இறுதியில் ஆசிய நாடுகள் பலவற்றைச் சுற்றி வந்தார். லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மரைப் பள்ளிக்குள் விடாமல் வெறியர் தடுத்த செய்தி உலகெங்கும் பரவியிருந்த வேளை அது. அவ்வேளையில், ஓர் இந்தியனையும் அமெரிக்க மக்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தம்மையே சான்றாகக் காட்டிப் பேசினார். 37 ஆண்டுகளுக்குப் பின் தம் பிறந்த ஊரையும் கண்டார். இங்கே எனக்குச் சிறிது கருத்து வேறுபாடு உண்டு. தமக்குக் கால் நூற்றாண்டு கதவடைத்த நாட்டை அவர் சற்று அதிகமாகவே புகழ்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், கதவைத் திறக்கப் பாடுபட்டவர் அக்கதவின் வழியே நுழைந்த மகிழ்ச்சியில் பேசினார் என்பதையும் உணர்கிறேன்.

வெளிநாட்டு உதவி படைக்கலமாகப் போகாமல் மக்களின் வயிற்றுக்கும் கல்விக்கும் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1961இல், வெளிநாட்டு உதவிக்கான பணத்தை ஆண்டுதோறும் காங்கிரசின் ஒப்புதல் இன்றிப் பல ஆண்டுகளுக்குக் கடனாகப் பெறும் அதிகாரத்தை ஜனாதிபதி கென்னடி கேட்டபோது, அதனை மறுக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவரே. கென்னடி அவருடைய கட்சித் தலைவர் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எளிய செயல் அன்று என்பது புலப்படும்.

1958, 1960 தேர்தல்களிலும் வென்றார். 1962 மே மாதம் விமானத்தில் பயணம் செய்யும்போது பக்கவாதம் தாக்கியது. பேச்சு போயிற்று. பேச்சாலேயே உயர்ந்தவர் பேச்சிழந்து கிடந்தார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் தோல்வியுற்றார். 1973 ஏப்ரல் 22ஆம் நாள் காலமானார். அவருடைய உருவப்படம் 2007இல் அமெரிக்கக் காங்கிரசு மாளிகையில் திறந்து வைக்கப்பட்டது.

அவருக்குப் பின்

அவர் விட்டுச் சென்ற இடத்தை இந்திய மரபினர் எவரும் உடனே நிரப்பவில்லை. பாபி ஜிண்டால் 2005இல் அச்சபையில் அமரும்வரை 42 ஆண்டுகள் இடைவெளி. 2016 தேர்தலில் சென்னையில் பிறந்த பிரமிளா செயபாலும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராசா கிருட்டிணமூர்த்தியும் பிரதிநிதிகள் சபைக்கும், கமலா ஆரிசு செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கமலாவின் அன்னையார் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண்மணி என்பது நீங்கள் அறிந்ததே. தில்லியில் படித்துவிட்டு, 1958இல், 19 வயதில், சௌந்த் படித்த அதே பெர்க்லிக்குச் சென்று, 1964இல் டாக்டர் பட்டம் பெற்ற அறிவியலாளர் அவர். அவர் அங்கே கால் வைத்தபோது சௌந்த் காங்கிரசில் அமர்ந்திருந்தார். 1924இல் பட்டம் பெற்றவருக்குப் பருத்திக்காடு. 1964இல் பட்டம் பெற்றவருக்கு ஆராய்ச்சிக்கூடம். இரண்டிற்கும் இடையே நிற்பது மாறிய சட்டங்கள்.

என் கதை

இனி, நான் முன்னர்ச் சொன்ன உண்மைக்கு வருகிறேன். கணிதம் படிப்பவனுக்கு அரசியல் எதற்கு என்று விடுதியில் பலமுறை வாதாடியவன் நான். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் தமிழகத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. எனக்கு அதுவே முதல் வாக்கு. நெல்லைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அம்மா தொலைபேசியில், "ஏல, பூத் சிலிப்பு வந்திருக்கு, நீ வரலியா?" என்று கேட்டார். தேர்வு நெருங்குகிறது, இரண்டு இரவு ரயிலில் கிடக்க வேண்டும், செலவு வேறு என்று அடுக்கினேன். அதுவரை குற்றமில்லை. ஆனால் கடைசியில், "ஒரு ஓட்டுல என்னம்மா ஆயிரப்போவுது?" என்றும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தேர்தல் நாளன்று வயல் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று அவர் வாக்களித்ததைத் தங்கை சொல்லிப் பின்னர் அறிந்தேன்.

வாக்குக்காக 29 ஆண்டுகள் காத்திருந்தவரின் வாழ்க்கையைப் படித்து முடித்த இரவு, அந்தச் சொற்கள் என் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தன. 18 வயது நிரம்பியதும் நமக்குக் கிடைத்துவிட்ட ஒன்றை, டாக்டர் பட்டத்தாலும் நாணயத்தாலும் பெற முடியாமல் அம்மனிதர் 50 வயதுவரை நின்றார். தேர்வும் ரயிலும் எனக்கு உண்மையான இடையூறுகளே. ஆனால் அவற்றுக்கு வழி இருந்தது, நான் தேடவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், தம் பெற்றோரின் ஊரிலோ விடுதி அமைந்த தொகுதியிலோ ஏதேனும் ஓரிடத்தில் வாக்காளராக இருக்கலாம். இங்கே பதிவு செய்ய விரும்புவோர் உரிய படிவத்தைச் சான்றுடன் இணைத்துக் கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் பெயர் இருத்தல் கூடாது.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்து வாழ்பவர்களுக்கு ஒரு நோய் எளிதில் பற்றும். ஊரில் இருப்போர் ஊரைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அங்கேயும், இது நம் ஊர் அன்று என்று இங்கேயும் ஒதுங்கி நிற்போம். சௌந்த் பஞ்சாபையும் மறக்கவில்லை; இம்பீரியல் பள்ளத்தாக்கையும் அயலாகக் கருதவில்லை. வாக்கில்லாத நாளிலேயே அவ்வூரின் கூட்டத்திற்குப் போய் அமர்ந்தார்.

நான் படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். இனி ஊர்ப் பட்டியலிலிருந்து என் பெயர் இங்கே மாறும். அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அங்கயாவது ஒழுங்காப் போடு" என்றார். மன்ற அறையில் எஞ்சிய படிவங்கள் இருக்கின்றன. இக்கட்டுரையைப் படித்து முடித்த தோழர்கள், கணக்குப் பிடிக்காதவராயினும், வந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.